அந்த 20 வினாடி

இரண்டு நாளாக வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி, நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் சிரிப்பதை யாரோ எடுத்துப் பரப்பிய அந்த 20 வினாடி வீடியோவுக்குக் கீழே 'வாங்குற சம்பளத்துக்குப் பாடம் நடத்தச் சொல்லுங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். தினமும் பஸ் ஸ்டாப்பில் 'டீச்சர், இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி இல்ல?' என்று என்னிடம் கேட்கிற அதே மனிதர். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தோம்.

வீடியோவில் என்ன இருக்கிறது? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு செல்போனைச் சுற்றி நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஓரத்தில் நான் குடையோடு நிற்கிறேன், நானும் சிரிக்கிறேன். எடுத்தவர் கார் கண்ணாடியை இறக்கினார், எடுத்தார், குன்னூர் பக்கம் போய்விட்டார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று இறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கோத்தகிரிக்காரர்கள் நாங்கள், டீயும் கொடுத்திருப்போம்.

சரி, இப்போது சொல்கிறேன். அக்டோபரிலிருந்து பிள்ளைகள் குழுக்குழுவாகப் பிரிந்து அவரவர் வீட்டில் மழை அளக்கிறார்கள். அளக்கிற கருவி, கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிய தண்ணீர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டில் தடை செய்யப்பட்ட நீலகிரியில் அதற்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட்டேன். சாலையோரப் புதரில் இறங்கி அரைமணி நேரத்தில் ஒரு மூட்டை கொண்டுவந்தார்கள். டூரிஸ்ட்டுகளுக்கு நன்றி. வானிலை மையம் அளக்கிற அதே காலை 8.30-க்குப் பார்த்து, அளவை வகுப்பு வாட்ஸ்அப்பில் போட வேண்டும். அதை என் போனில் இருக்கும் அட்டவணையில் ஏற்றுவோம், வரைபடம் தானே வரும்.

அன்றைக்கு எல்லார் வீட்டிலும் 23, 24 மில்லிமீட்டர். ஒரு குழுவுக்கு மட்டும் 46. 'உங்க வீட்டுக்கு மட்டும் தனி மேகமா?' என்று ஒருத்தி கேட்டாள். அந்தச் சிரிப்புதான் உங்கள் வீடியோ. அதற்கு அடுத்த நிமிடம் உங்கள் வீடியோவில் இல்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். பாட்டிலின் விட்டம் 10 சென்டிமீட்டர், அதன்மேல் அவர்கள் வைத்திருந்தது அடுப்படியில் எண்ணெய் ஊற்றுகிற புனல், அதன் விட்டம் 14. இரண்டின் பரப்பையும் அவர்களே போட்டார்கள். புனலின் பரப்பு 1.96 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மழையைப் பிடித்திருக்கிறது. 46-ஐ 1.96-ஆல் வகுத்தால் 23.5. வட்டத்தின் பரப்பளவை 14 வருடமாகக் கரும்பலகையில் போட்டிருக்கிறேன். ஒரு பிள்ளைகூட 'ஓ!' என்று சொன்னதில்லை. அன்றைக்கு முப்பது பேர் சொன்னார்கள்.

பாடம்தானே அது?

'இதெல்லாம் புது ஃபேஷன்' என்கிறார் ஒருவர். செயல்திட்டமாகப் படிப்பது பற்றி அமெரிக்காவில் கல்வியாளர் கில்பாட்ரிக் எழுதியது 1918-இல். கையால் செய்து கற்க வேண்டும் என்று காந்தி வார்தாவில் பேசியது 1937-இல். புதுசாம்.

நானும் யோக்கியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். 2012-இல் வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை வந்தபோது, வகுப்பு நடக்கும்போதே மதிப்பெண் போடுகிற வளரறி மதிப்பீட்டுக்கு நானும் 'செயல்திட்டம்' கொடுத்தேன். சார்ட், தெர்மாகோல், பிரவுசிங் சென்டரில் எடுத்த கலர் பிரிண்ட். தேயிலை பறித்துவிட்டு வந்த அம்மாக்கள் இருட்டில் ஃபேன்சி ஸ்டோர் வாசலில் நின்றதற்கு நானும் காரணம். நான் மதிப்பெண் போட்டது கடைக்காரருக்கு. அப்போது யாரும் என்னை வீடியோ எடுக்கவில்லை. அழகான சார்ட் என்று பாராட்டினார்கள்.

தொழில்நுட்பமும் எனக்கு வானத்திலிருந்து விழவில்லை. ஆன்லைன் பயிற்சியில் பாதி நேரம் பயிற்சியாளர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார், இங்கே டவர் அப்படி. அட்டவணையில் கூட்டுத்தொகை போடுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் வகுப்புப் பிள்ளை. 'சமக்குறியை மறந்துட்டீங்க டீச்சர்' என்றாள். 41 வயதில் ஒரு குழந்தையிடம் திட்டு வாங்கிக் கற்றிருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

'செல்போன் கொடுத்துக் கெடுக்கிறார்.' ஒரு பையன் ஒருநாள் கேம் திறந்தான், உண்மை. போனை வாங்கி வைத்தேன், முடிந்தது. வீட்டில் சோறு ஊட்டும்போது போனைக் கொடுக்கிறவர்கள் எனக்கு இதைச் சொல்ல வேண்டாம்.

'சிலபஸ் முடிஞ்சுதா?' இல்லை. இரண்டு பாடம் பாக்கி. சனிக்கிழமை வைத்து முடிப்பேன். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் அதிகம் பேசவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2009 நவம்பரில் இந்த மலை சரிந்தபோது எத்தனை குடும்பம் மண்ணுக்குள் போனது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019-இல் இதே நீலகிரியில் இருக்கிற அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இந்த ஊர்ப் பிள்ளைக்குத் தன் வீட்டு வாசலில் பெய்கிற மழையின் அளவு தெரிவது விளையாட்டா? இதே வேலையை லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிற போர்டிங் ஸ்கூல் செய்தால் அதை பிரோஷரில் போட்டுக் கும்பிடுவீர்கள். எங்கள் பிள்ளைகள் சிரித்தால் மட்டும் சம்பளம் ஞாபகம் வருகிறது.

அந்த வீடியோவில் முன்னால் நிற்கிறாளே, அவள் அப்பாவுக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இன்று காலை 8.32-க்கு அவளிடமிருந்து மெசேஜ் வந்தது:

'11 மி.மீ. நாங்க சிரிக்கல டீச்சர்.'