கடல்மேல் மேகங்களின் வெண்மை குறித்து ஒரு திருத்தம்

கடலுக்கு மேலுள்ள மேகங்கள் எவ்வளவு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன என்பதை இயற்கை மட்டுமே தீர்மானிக்கிறது, மனிதச் செயல்களுக்கு அதில் பங்கில்லை என்று ஒரு கருத்து பகிரப்படுகிறது. இயற்கையின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. கடல் உப்புத் துகள்களும், மிதவை நுண்ணுயிர்களிலிருந்து வெளிவரும் கந்தகச் சேர்மங்களும், எரிமலை வாயுக்களும் மேகத்துளிகள் உருவாகத் துணைபுரிகின்றன. ஆயினும் கப்பல் புகையிலுள்ள கந்தகத் துகள்களும் அதே வேலையைச் செய்கின்றன. அத்துகள்கள் மிகும்போது, அதே அளவு நீர் எண்ணற்ற சிறு துளிகளாகப் பிரிந்து, அவற்றின் மொத்தப் பரப்பு கூடி, மேகம் மேலும் வெண்மையடைகிறது. கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் வரம்பு 2020 ஜனவரி 1 முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பின்னர், கப்பல் புகையால் மேகங்களில் தோன்றும் வெண்கோடுகள் குறைந்ததைச் செயற்கைக்கோள் பதிவுகள் காட்டின.

இதை எவரும் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் நாசாவின் வேர்ல்டுவியூ இணையதளத்தில், 2020-க்கு முந்தைய ஆண்டுகளைத் தேர்ந்து, கலிபோர்னியாவுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடலில் தாழ்மேகங்கள் பரவியிருக்கும் நாள்களின் படங்களைப் பாருங்கள். கப்பல்கள் சென்ற வழியே, சுற்றியுள்ள மேகத்தைவிட வெளுத்த நீண்ட கோடுகள் தென்படும். ஒரு நாளில் தெளிவாகத் தெரியாவிட்டால், அடுத்தடுத்த நாள்களையும் பொறுமையாகப் பார்க்க வேண்டுகிறேன்.