என்ன சிரிப்பு என்று கேட்டவருக்கு

டிசம்பர் 26 அன்று நான் இணையத்தில் போட்ட எங்கள் குடும்பப் படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீர்கள். திரும்பச் சொல்லப் போவதில்லை. பதினொரு பேர் இருக்கிறோம், நடுவில் அம்மா, எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்கிறோம். குற்றம் அவ்வளவுதான். "சுனாமி நாளில் என்ன சிரிப்பு?" என்று ஒருவர் தொடங்கிவைத்தார். மாலைக்குள் நாற்பது பேர் சேர்ந்துகொண்டார்கள். "இது தேசத்தின் துயரம், உங்கள் வீட்டு விசேஷம் அல்ல" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் போனார்கள். தேசத்துக்குச் செய்தி வந்து சேர்வதற்கு முன்பே அது எங்கள் வீட்டுத் துயரமாகிவிட்டது.

அன்று காலையில் நாங்கள் என்ன செய்தோம் என்று யாரும் கேட்கவில்லை. ஊரோடு கடற்கரைக்குப் போனோம். பாலை ஊற்றினோம், பூவை விட்டோம், அழுதோம். தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். அக்கா அழுவது செய்தியில் சில நொடிகள் வந்தது. அதைப் பார்த்து யாருக்கும் கோபம் வரவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் மைக்கை நீட்டி "அந்த நாளை இப்போது நினைத்தால் எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள், அவளும் இருபது வருடமாகப் பதில் சொல்கிறாள். காலையில் அழுத அதே முகம் மதியம் சிரித்தால் மட்டும் உங்களுக்கு ஆகவில்லை.

உயிரோடு இருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதும், இருக்கிறோமே என்று மகிழ்வதும் செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

2004-இல் நான் தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் இருந்தேன். ஆமாம், அன்று நான் ஊரில் இல்லை. "நீ அங்கே இல்லவே இல்லையே, உனக்கென்ன தெரியும்" என்று எழுதிய நண்பருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்தி கேட்டதிலிருந்து எங்கள் ஊர் கீச்சாங்குப்பத்துக் கடை போனுக்கு எத்தனை முறை அடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்தக் கடையே போய்விட்டது என்பது அப்போது தெரியாது. செவ்வாய்க்கிழமைதான் திருவாரூர் வழியாக நாகை வந்து சேர்ந்தேன். அம்மாவை ஒரு கல்யாண மண்டபத்தில் கண்டேன். என்னைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "இங்கே ஏன் வந்தாய், மறுபடியும் வருமாமே" என்று திட்டினாள்.

அத்தான் முந்தின இரவே கடலுக்குப் போயிருந்தார். ஆழ்கடலில் அந்த அலைக்கு உயரம் கிடையாது, கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். படகு லேசாகத் தூக்கி இறங்கியது, அதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். கடலில் இருந்தவர் பிழைத்தார். கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் போனார்கள், ஆறு வயதும் நான்கு வயதும். சின்னவன் கிடைக்கவே இல்லை. அத்தான் இன்றைக்கும் இதைச் சொல்லும்போது யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் பேசுவார்.

30-ஆம் தேதி வியாழக்கிழமை, மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய அரசிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. வந்த பயத்தில் மண்டபமே காலியாகியது. பாட்டியை முதுகில் சுமந்துகொண்டு ஓடினேன். ஊருக்கு மேற்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அம்மா எங்களை விரல் விட்டு எண்ணினாள். பாட்டி, அப்பா, அக்கா, அத்தான், நான். ஐந்தோடு கை நிற்கவில்லை. அடுத்த கையில் இரண்டு விரலை நீட்டிவிட்டாள். பிறகு அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே மெதுவாக மடக்கினாள். "சரி, இத்தனை பேர் இருக்கிறோம்" என்றாள். அலை வரவில்லை, அது வீண் பயம். ஆனால் அந்த "இத்தனை பேர் இருக்கிறோம்" இருக்கிறதே, எங்கள் வீட்டில் நன்றி என்பதற்கு அதுதான் சொல். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் படையல் முடிந்ததும் அம்மா தலை எண்ணுவாள். எண்ணி முடித்துப் படம் எடுப்போம். நீங்கள் பார்த்தது அந்தப் படம்.

"வீட்டுக்குள் சிரித்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஏன் காட்டுகிறீர்கள்?" என்று கேட்டவர்களின் வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். எண்ணிப் பார்க்க ஆளே மிஞ்சாத வீடுகள் உண்டு. அவர்களில் யாருக்காவது அந்தப் படம் உறுத்தியிருந்தால் மனதார மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் திட்டியவர்களில் அப்படி ஒருவரும் இல்லையே. பக்கத்துத் தெருவில் நான்கு பேரைப் பறிகொடுத்த பெரியம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "உன் அம்மா இளைத்துவிட்டாளே" என்று மட்டும் கேட்டார்.

"இப்படி நன்றி, நம்பிக்கை என்று பேசிப் பேசித்தான் அரசைத் தப்ப விடுகிறீர்கள்" என்றார் ஒரு தோழர். காலை ஆறரைக்கு சுமத்ராவில் நிலம் நடுங்கியது. இங்கே அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்தான். இந்தக் கோபம் எனக்கு இல்லை என்று யார் சொன்னது தோழர்? கோபத்தோடு சோறு தின்னக் கூடாதா?

இன்னொருவர் எழுதினார்: "தலைக்கு இரண்டு லட்சம் வாங்கியவர்கள், சிரிக்கத்தானே செய்வார்கள்." இதற்குப் பதில் எழுதி எழுதி அழித்தேன். இங்கேயும் எழுதப் போவதில்லை.

ஆனால் "புதுப் பிள்ளை வந்ததும் பழைய பிள்ளைகளை மறந்துவிட்டீர்கள்" என்று ஒரு வரி இருந்ததே, அதை விட முடியாது. அக்கா இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள். பிள்ளைகளை இழந்த அப்படிப்பட்ட தாய்மார்களுக்கு, அதை மாற்றும் அறுவைச் சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. எல்லாருக்கும் அது பலிக்கவில்லை. அக்காவுக்குப் பலித்தது. 2007-இல் இவள் பிறந்தாள். அண்ணன்களின் பெயரைச் சொல்லித்தான் இவளுக்குச் சோறு ஊட்டினார்கள். நேரில் பார்க்காத இரண்டு பேருடன் சண்டை போட்டுக்கொண்டே வளர்ந்த பெண். அந்த வரியை இவளும் படித்திருக்கிறாள். நேற்று இரவு போன் செய்து, "மாமா, அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், என்னால்தானே எல்லாரும் சிரித்தார்கள்" என்றாள். பதினேழு வயதுப் பெண்ணை இப்படிச் சொல்ல வைத்ததில் உங்களுக்கெல்லாம் திருப்தி என்று நினைக்கிறேன்.

படத்தை எடுக்க மாட்டேன்.

என்ன சிரிப்பு என்று கேட்டீர்கள் அல்லவா? பெரியவனுக்குத் தேன்மிட்டாய் என்றால் உயிர். தாத்தாவின் திதியில் கற்பூரம் அணைவதற்குள் இலையிலிருந்து ஒன்றைத் திருடி அம்மாவிடம் அடி வாங்கியவன். ஒவ்வொரு வருடமும் அவன் இலையில் தேன்மிட்டாய் உண்டு. இந்த வருடம் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே இவள் கையை நீட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அம்மா கையை ஓங்கிவிட்டாள். இவள் கன்னம் உப்ப நின்றுகொண்டு, "அண்ணன்தான் எடுக்கச் சொன்னான் பாட்டி" என்றாள்.