இழுப்பறையில் இருக்கும் துப்பாக்கி

வீட்டில் துப்பாக்கி இருந்தால்தான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு என்று வாதாடும் ஒரு கட்டுரையைப் படித்தேன். தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008-இல் ஹெல்லர் வழக்கில் சொன்னதையும் கட்டுரையாளர் காட்டுகிறார். சரி, உரிமை உண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கி கடைசியில் யார் உயிரை எடுக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே!

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலைகள், பாதிக்கும் மேல். மனம் உடைந்த நேரம் பெரும்பாலும் கடந்து போய்விடும். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அது கடந்து போக அவகாசமே கிடைப்பதில்லை.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தங்கமான மனிதர். ஒருநாள் கட்டிலோர மேசையின் இழுப்பறையைத் திறந்து காட்டினார். மூக்குக்கண்ணாடி, இருமல் மிட்டாய், அடியில் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி. பூட்டு இல்லை. "திருடன் வந்தால் பூட்டைத் திறக்க நேரம் ஏது?" என்றார். அவருடைய ஆறு வயதுப் பேத்தி அதே கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்புறம் என் மகனை யார் வீட்டுக்கு விளையாட அனுப்பினாலும், துப்பாக்கி பூட்டியிருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உரிமையாளர் கையில் இல்லாத நேரத்தில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது சட்டப்படி கட்டாயம். அங்கேயும் மக்கள் துப்பாக்கி வைத்திருக்கத்தான் செய்கிறார்கள். அதைப் பற்றியும் அந்தக் கட்டுரையாளர் எழுத வேண்டும்.