ஆர்லாண்டோவுக்குப் பெரியவர்களோடு போகிறீர்களா? மதியம் அவர்கள் எப்படி அறைக்குத் திரும்புவார்கள் என்று முதலில் யோசியுங்கள்

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து ஆறு மாதம் இருக்கப் போகிறார்கள் என்றால், அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில் பெரும்பாலும் ஆர்லாண்டோ பயணம் ஒன்று உறுதி. தாத்தா பாட்டி, கணவன் மனைவி, குழந்தைகள் இருவர், ஆக மொத்தம் ஆறு பேர். டிஸ்னி வேர்ல்டில் எங்கே தங்குவது என்று தெரிந்தவர்களிடம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கிஸ்ஸிமியில நீச்சல்குளத்தோட ஒரு வீடு எடுத்துடுங்க. நாலு பெட்ரூம், பெரிய கிச்சன், ஹோட்டலை விட மலிவு."

கிஸ்ஸிமி டிஸ்னிக்கு வெளியே இருக்கும் பக்கத்து ஊர். இந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீடு மலிவுதான், வசதியும்தான். ஆனால் கூட வருகிறவர்களுக்கு எழுபது வயதுக்குப் பக்கம் என்றால், விலையையும் படுக்கையறை எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன் வேறொரு கேள்வி இருக்கிறது. மதியம் ஒரு மணிக்கு "கால் வலிக்குதுப்பா, நாங்க போய்ப் படுக்கிறோம்" என்று சொன்னால், அவர்கள் அறைக்குத் திரும்புவது எப்படி?

டிஸ்னி வேர்ல்டின் அளவை நாம் சரியாக நினைத்துப் பார்ப்பதில்லை. சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பு, நான்கு பெரிய பூங்காக்கள். அதில் ஒன்றான எப்காட்டில் 11 நாடுகளின் அரங்குகள் இருக்கும் ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்தாலே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் ஆகிவிடும். அது அந்தப் பூங்காவின் பாதிதான். ஜூன், ஜூலையில் போனால் புழுக்கம் நம் சென்னையை நினைவுபடுத்தும். பிற்பகலில் இடி மின்னலோடு மழை வேறு. குழந்தைகளுக்கு இரவு வாணவேடிக்கை வரை இருந்தாக வேண்டும். பெரியவர்களால் முடியாது. அவர்களைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

கிஸ்ஸிமி வீட்டில் தங்கினால் மேஜிக் கிங்டம் பூங்காவிலிருந்து திரும்புவது எப்படி என்று பாருங்கள். காரை நிறுத்தும் இடம் பூங்கா வாசலில் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கம், போக்குவரத்து மையம் என்ற தனி இடத்தில் இருக்கிறது. பூங்காவிலிருந்து மோனோரயிலிலோ படகிலோ அங்கே வந்து, பிறகு கார் நிறுத்திய இடம் வரைக்கும் போய், அதன்பின் நெடுஞ்சாலை. அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, வண்டி ஓட்டுகிறவர் அதே வழியில் திரும்பி வர வேண்டும். மதியம் முழுக்க அதிலேயே போய்விடும். ஊபர் பிடித்துக் கொடுக்கலாமே என்பார்கள். அதுவும் மேஜிக் கிங்டத்துக்கு அந்த மையத்திலிருந்துதான். புது நாட்டில், ஆங்கிலம் தயங்கித் தயங்கிப் பேசும் இருவரை அங்கே தனியாக அனுப்ப எனக்கு மனம் வராது. கடைசியில் என்ன நடக்கும்? "எங்களுக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க பாருங்க" என்று நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து விடுவார்கள். அந்தப் பெஞ்சில் நான்கு மணி நேரம் உட்கார்வதற்கா இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்தார்கள்?

டிஸ்னிக்குள்ளேயே தங்கினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. பேருந்தின் நெற்றியில் ஹோட்டல் பெயர் எழுதியிருக்கும். ஏறி உட்கார்ந்தால் ஹோட்டல் வாசலிலேயே இறங்கலாம். கட்டணம் கிடையாது. முதல் நாள் ஒருமுறை கூடப் போய்க் காட்டிவிட்டால், மறுநாள் அவர்களே போய் வருவார்கள். மேஜிக்பேண்ட் என்ற டிஸ்னியின் கைப்பட்டையை அறைக் கதவில் காட்டினால் திறந்துகொள்ளும்.

சரி, உள்ளே எது? ஆறு பேருக்கென்றே கட்டியது ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலின் குடும்ப ஸ்வீட், அதாவது படுக்கையறையும் கூடமும் சேர்ந்த அறைத்தொகுப்பு. 2012-ல் திறந்தார்கள். கதவு வைத்த ஒரு படுக்கையறை, கூடத்தில் சோபா படுக்கை, சாப்பாட்டு மேசையை மடக்கினால் இன்னொரு படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ். முக்கியமாக, குளியலறை இரண்டு. ஆறு பேர் காலையில் கிளம்பும் வீட்டில் இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. கதவுள்ள அறையைப் பெரியவர்களுக்குக் கொடுங்கள். சோபா படுக்கையில் நாம் சில நாள் படுக்கலாம், அவர்கள் இடுப்பு தாங்காது.

இந்த ஹோட்டலின் இன்னொரு பலம் ஸ்கைலைனர். 2019-ல் வந்த கேபிள் கார் இது. கரீபியன் பீச் நிலையத்தில் ஒருமுறை மாறினால் எப்காட்டுக்கோ ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கோ போகலாம். குழந்தை வண்டியை மடக்க வேண்டாம், சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறலாம். மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள் என்பது ஒன்றுதான் குறை.

ஸ்வீட்டின் விலை அதிகம், மறுக்கவில்லை. அப்படியென்றால் பக்கத்திலேயே பாப் செஞ்சுரி இருக்கிறது. ஸ்கைலைனர் நிலையம் இரண்டு ஹோட்டலுக்கும் பொது. அங்கே நான்கு பேர் தங்கும் சாதாரண அறைகள் இரண்டை, நடுவில் கதவு இருக்கும்படி கேட்டு எடுத்தால், பல சமயம் ஒரு ஸ்வீட்டை விடக் குறைவாகவே முடியும். இரண்டு குளியலறை அப்போதும் கிடைக்கும். மைக்ரோவேவ் மட்டும் உணவுக்கூடத்தில்தான். என்னைக் கேட்டால் பெரும்பாலான நம் குடும்பங்களுக்கு இதுதான் சரி.

டிஸ்னிக்குள்ளேயே இருக்கும் ஃபோர்ட் வில்டர்னஸின் கேபின்களை, அதாவது தனித்தனிச் சிறு வீடுகளை, நிறையப் பேர் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். முழுச் சமையலறை, காடு போன்ற சூழல், ஆறு பேர் தங்கலாம், எல்லாம் உண்மை. ஆனால் குளியலறை ஒன்றே ஒன்று. வெளியே போக முதலில் உள்பேருந்து, பிறகு வேறு பேருந்தோ படகோ. பெரியவர்கள் இல்லாத பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்னி இல்லாமல் ஆர்லாண்டோவின் இன்னொரு பூங்காவான யுனிவர்சல்தான் உங்கள் திட்டம் என்றால் அங்கே கபானா பே ஹோட்டலில் ஆறு பேருக்கான ஸ்வீட் உண்டு, அதையே பார்க்கலாம்.

சமையல் இல்லாமல் முடியவே முடியாது, வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, மாத்திரை நேரத்துக்குச் சூடாக ரசம் சாதம் வேண்டும் என்ற நிலை சில வீடுகளில் இருக்கிறது. அது நியாயமான தேவை. அதற்கு டிஸ்னியின் டைம்ஷேர் வில்லாக்கள் இருக்கின்றன; உறுப்பினர்கள் முன்பணம் கட்டி, ஆண்டுதோறும் தங்கும் உரிமையைப் பாயிண்ட் கணக்கில் வாங்கி வைத்திருக்கும் வீடுகள் இவை. இரண்டு படுக்கையறை வில்லாவில் அடுப்போடு முழுச் சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம், எட்டுப் பேர் தங்க இடம். அந்த உறுப்பினர்களிடமிருந்து பாயிண்ட்களை வாடகைக்கு வாங்கினால் நேரடி விலையை விட நன்றாகக் குறையும். ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்ப வருவது கடினம். வயதானவர்களோடு போகும்போது உடல்நிலை எப்போது எப்படியிருக்கும் என்று தெரியாது, அதனால் விதிமுறைகளை ஒருவரி விடாமல் படியுங்கள். மற்றவர்களுக்கு மைக்ரோவேவும் தயிர் வாங்க ஒரு கடையும் போதும். டிஸ்னி பூங்காக்களுக்குள் நம் சாப்பாட்டைக் கொண்டுபோகத் தடையில்லை. தயிர்சாதம், எலுமிச்சை சாதம், ஊறுகாய் எல்லாம் தாராளமாகப் பையில் வரலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது.

கிஸ்ஸிமி வீடு யாருக்கு? இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, பத்துப் பேருக்கு மேல் போனால் கண்டிப்பாக வீடுதான். அப்போது கார் இரண்டு இருக்கும், வண்டி ஓட்டப் பலர் இருப்பார்கள். பூங்காவுக்கு ஓரிரு நாள்தான், மிச்ச நாளெல்லாம் பெரியவர்கள் வீட்டிலேயே பேரக்குழந்தைகளோடு இருக்கட்டும் என்றாலும் வீடு நல்லது. ஆனால் கணக்குப் போடும்போது கார் வாடகையையும், ஒவ்வொரு நாளும் பூங்காவில் கட்டும் 30 டாலருக்குக் குறையாத நிறுத்தக் கட்டணத்தையும் சேர்த்துப் போடுங்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. அதேபோல் விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஓட்டிய இலவசப் பேருந்து 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது; அந்தச் செலவை ஹோட்டல் பக்கம் சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. எந்த ஹோட்டலாக இருந்தாலும், தரைத்தளம் அல்லது லிஃப்டுக்குப் பக்கத்து அறை வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். இந்த ஹோட்டல்கள் பரந்து கிடக்கும். கடைசிக் கட்டடத்தில் அறை கிடைத்தால் பேருந்து நிறுத்தத்திலிருந்தே நல்ல நடை. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை, ஆனாலும் கேட்டு வையுங்கள், போய் இறங்கியதும் வரவேற்பில் இன்னொருமுறை நினைவுபடுத்துங்கள்.