காட்டில் இல்லாத கஸ்தூரி மாம்பழம்: ஒரு மண்டிக்காரர் மகளின் கருத்து

கடந்த பிப்ரவரி மாதம், நிலக்கரி ஏற்றும் சரக்குக் கப்பலில் வேலை செய்யும் என் அக்கா மகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். இந்தோனேசியாவின் தெற்குக் கலிமந்தானில், பஞ்சர்மாசின் நகருக்கு வெளியே கடலில் அவன் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. பாரித்தோ ஆற்றின் வழியாகத் தட்டைப் படகுகளில் வரும் நிலக்கரியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஓரமாக வந்த சிறு படகு ஒன்றில் பழம் விற்றிருக்கிறார்கள். "சித்தி, இது மாம்பழம்னு சொல்றாங்க, நாவாப்பழம் மாதிரி கறுப்பா இருக்கு" என்று குரல் செய்தியும் அனுப்பியிருந்தான்.

படத்தில், ராயபுரத்துப் பிள்ளையின் காய்த்துப்போன உள்ளங்கையில், கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு பழம் இருந்தது. தோல் கருநீலமாகப் பளபளத்தது. இரண்டாவது படத்தில் அதைக் கத்தியால் கீறியிருந்தான். அந்தக் கறுப்புத் தோலுக்குள் சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் நார் நாராக இருந்தது. அறையில் இரண்டு நாட்கள் மணம் போகவில்லை என்றும், தின்றுவிட்டுக் கொட்டைகளைக் கடலில் வீசிவிட்டேன் என்றும் சொன்னான். அந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் அவன் தின்றது கஸ்தூரி மாம்பழம். தாவரவியலில் அதற்கு மேங்கிஃபெரா கஸ்தூரி என்று பெயர். காடுகளில் அற்றுப்போய்விட்டது, மனிதர் வளர்ப்பில் மட்டுமே உள்ளது என்று 1998ஆம் ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் குறிக்கப்பட்ட மரம் அது.

இந்த மரத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தாவரவியல் படித்தவள் அல்ல. கொத்தவால் சாவடியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவரின் மகள். 1996இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறும்வரை, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் கோடைக்காலம் முழுவதும் வைக்கோல் வாசனையும் மாம்பழ வாசனையும்தான். அப்பா காயைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்க்க மாட்டார். காம்பின் இரண்டு பக்கமும் தோள் எழும்பி நிற்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். தோள் எழும்பவில்லையென்றால் அது பிஞ்சில் பறித்த காய், வைக்கோலில் எத்தனை நாள் போட்டாலும் பழுக்காமல் வெம்பிப்போகும் என்பார். அந்த விரலைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால்தான், கஸ்தூரி மரத்தின் கதையில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த மரத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம். மா இனத்தில் 60க்கும் மேற்பட்ட வகைகள் உலகில் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 30 வகைகள் கலிமந்தான் அடங்கிய போர்னியோத் தீவின் மழைக்காடுகளைச் சேர்ந்தவை. நாம் பங்கனப்பள்ளி, ருமானி, மல்கோவா, நீலம், செந்தூரா என்று ரகம் பிரித்துப் பேசுவதெல்லாம் ஒரே ஒரு வகைக்குள், அதாவது மேங்கிஃபெரா இண்டிகாவுக்குள், அடங்கிவிடும். கஸ்தூரி அதற்கு வெளியே நிற்கும் தனி மரம். 25 மீட்டர் வரை நெடிது உயரும், பழமோ ஒன்று 80 கிராம் அளவில்தான் இருக்கும். பஞ்சர்மாசினைச் சுற்றிய சிறு நிலப்பகுதியைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக இருந்ததாகப் பதிவில்லை. தெற்குக் கலிமந்தான் மாகாணம் அதைத் தன் அடையாள மரமாக வைத்திருக்கிறது. ஆனால் இன்று அது நிற்பது அந்த மாகாணத்துக் கிராமங்களின் பழைய பழத்தோப்புகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும்தான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலுள்ள ஃபேர்சைல்ட் தாவரவியல் பூங்கா போன்ற சில இடங்களிலும் வளர்க்கிறார்கள்.

2019இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இந்தக் கதையை வேறு பக்கம் திருப்பியது. கஸ்தூரி என்பது நம் மேங்கிஃபெரா இண்டிகாவும், போர்னியோப் பகுதிக் காட்டில் வளரும் மேங்கிஃபெரா குவாட்ரிஃபிடா என்ற மாவும் கலந்து பிறந்த கலப்பினம் என்று அந்த ஆய்வு காட்டியது. அப்படியானால் இந்த மரத்தின் ஒரு பக்கத்து உறவு நம்முடையது. கடல் கடந்து வணிகம் செய்த யாரோ கொண்டுபோன மாங்கொட்டை ஒன்று அங்கே முளைத்து, அந்தக் காட்டு மாவோடு மகரந்தம் கலந்திருக்க வேண்டும். மலாய் மொழியில் மாம்பழத்தை 'மங்கா' என்கிறார்கள். அது நம் மாங்காய்தான். 'கஸ்தூரி' என்ற பெயரும் இங்கிருந்து அங்கே போனதுதான். இத்தனை தூரத்து மரம் நமக்கு அந்நியமில்லை என்பதை இந்த ஆய்வைப் படித்த இரவில்தான் நான் முழுதாக உணர்ந்தேன்.

இதைச் சொன்னவுடன் நண்பர் ஒருவர், "கலப்பினம் என்றால் அதற்கு எதற்கு இவ்வளவு கவலை, இரண்டு பெற்றோரையும் சேர்த்து மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாமே" என்று கேட்டார். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. பல தலைமுறையாக மக்கள் தின்று, ருசி பார்த்து, நல்ல மரத்தின் கொட்டையை மட்டும் கொல்லையில் ஊன்றி வந்த தேர்வு அந்தப் பழத்துக்குள் இருக்கிறது. அதை எந்த ஆய்வுக்கூடமும் ஒரு பருவத்தில் திரும்பச் செய்துவிட முடியாது. மேலும் அந்த இரண்டாவது பெற்றோர் நிற்பது காட்டில். 1973க்கும் 2010க்கும் இடையில் மட்டும் போர்னியோ தன் காட்டில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை இழந்திருக்கிறது. பெற்றோரே மிஞ்சுமா என்று கேட்க வேண்டிய காலத்தில் இருக்கிறோம்.

நான் சொல்ல வந்த கருத்து இதுதான். ஒரு பழமரம் தோட்டத்தில் இருக்கிறது என்பதைக் கேட்டு நாம் நிம்மதி அடையக்கூடாது. காட்டு மரம் யாரையும் கேட்காமல் நிற்கும். தோட்டத்து மரம் நிற்பது, அதன் பழத்துக்கு யாராவது விலை கொடுக்கும்வரைதான். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் மண்டிக்குச் சக்கரைக்குட்டி என்ற சின்ன மாம்பழம் கூடை கூடையாக வந்துகொண்டிருந்தது. பெயருக்கேற்ற இனிப்பு, பிள்ளைகள் நுனியைக் கடித்து உறிஞ்சித் தின்போம். அதை யாரும் தடை செய்யவில்லை. பெரிய பழத்தின் மீது மக்களுக்கு ஆசை வந்தது, சின்னப் பழத்தின் கூடை விலை இறங்கியது, வண்டி வாடகைக்கே கட்டுபடியாகவில்லை. மரத்துக்காரர்கள் கிழட்டு மரத்தை வெட்டி விறகுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் பங்கனப்பள்ளி ஒட்டுக்கன்று வைத்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளின் படிப்புக்கு அவர்களுக்கும் பணம் வேண்டும். ஆனால் விலை குறைத்துக் கேட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. கஸ்தூரி எங்கள் மண்டிக்கு வந்திருந்தால், 80 கிராம் பழத்தை அவர் பொடி என்று ஓரமாகத் தள்ளியிருப்பார்.

கலிமந்தானில் நடப்பதும் இதே கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 25 மீட்டர் உயர மரத்தில் ஏறிச் சின்னப் பழத்தைப் பறிப்பதற்கு ஆகும் உழைப்பை, அந்த மரத்தை அறுத்தால் கிடைக்கும் பலகையின் விலையோடும், அந்த நிலத்தை விற்றால் கிடைக்கும் பணத்தோடும் ஒரு குடும்பம் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, பழத்தின் பக்கம் தராசு தாழ்வதற்குக் காரணம் வேண்டும். அது அந்தந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கும் நியாயமான விலையாக இருக்கலாம், பாட்டி ஊன்றிய மரம் என்ற பாசமாகவும் இருக்கலாம். இன்றுவரை அந்த மரத்தைக் காத்தவர்கள் அந்தக் குடும்பங்களே. பாதுகாப்புக்கு என்று ஒதுக்கப்படும் பணம், வேலி கட்டிய பூங்காவைத் தேடிப் போவதற்கு முன் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விதைக் கிடங்கில் வைத்துவிடலாமே என்பார்கள். 2008இல் நார்வேயின் ஸ்வால்பார்டில் பனிமலைக்குள் திறக்கப்பட்ட கிடங்கில் நெல், கோதுமை போன்றவற்றின் விதைகளைப் பல்லாண்டு காக்க முடியும், ஏனெனில் அவை காயவைத்து உறையவைத்தாலும் உயிரோடிருக்கும். மாங்கொட்டை அப்படியல்ல. ஈரம் வற்றினால் உள்ளிருக்கும் பருப்பு செத்துவிடும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளும் இப்படித்தான், ஏனென்றால் வறண்ட காலத்துக்காகக் காத்திருக்கும் தேவையே அவற்றுக்கு இருந்ததில்லை. ஆகவே இந்த மரத்துக்கு உயிருள்ள மரத்தைத் தவிர வேறு பெட்டகம் கிடையாது.

"உங்கள் பையனிடம் சொல்லி நாலு கொட்டை கொண்டுவரச் சொல்லுங்கள், மாடியில் பீப்பாயில் வைக்கலாம்" என்று கேட்டவர்களுக்கும் அன்போடு பதில் சொல்கிறேன். செய்யாதீர்கள். வெளிநாட்டுக் கன்றும் விதையும் உரிய அனுமதியோடும் நோய்ப் பரிசோதனையோடும்தான் வர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை சொல்கிறது. அது வெறும் காகிதச் சட்டமல்ல. மாங்கொட்டைக்குள்ளேயே வாழும் வண்டுகள் உண்டு. மறைத்துக் கொண்டுவரும் ஒரு கொட்டையோடு வரும் பூச்சி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளுக்கு என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். மாதவரத்திலுள்ள தோட்டக்கலைத் துறையின் பூங்கா போன்ற இடத்தில் ஒரு கஸ்தூரி மரம் நின்றால் எனக்கு மகிழ்ச்சிதான். அது இரண்டு அரசுகள் பேசி, அந்த ஊர் மக்களின் ஒப்புதலோடு வர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தெற்குக் கலிமந்தான் இந்தோனேசியாவின் முக்கியமான நிலக்கரி மாகாணங்களில் ஒன்று. என் அக்கா மகன் இந்த முறை சீனாவுக்குப் போனான். அதற்கு முந்தைய ஆண்டு அதே இடத்தில் ஏற்றிய நிலக்கரியோடு எண்ணூருக்கே வந்தான், அன்று இரவு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு சாப்பிட்டான். அங்கே திறந்தவெளிச் சுரங்கத்துக்காக நிலத்தின் மேல் தோலை உரித்தெடுக்கிறார்கள். இங்கே கொசஸ்தலை ஆற்றோரத்தில் அந்த நிலக்கரியை எரிக்கும் மின் நிலையங்களின் சாம்பல் படிகிறது. மீன் பாடு குறைந்த எண்ணூர்க் குப்பத்து மீனவருக்கும், தோப்பை விற்ற கலிமந்தான் விவசாயிக்கும் நடுவே ஓடுவது ஒரே கப்பல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மரத்தைத் தூரதேசத்துச் சங்கதி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

வரும் ஜனவரியில் அவனுக்கு மறுபடியும் அந்தப் பக்கம் பயணம் இருக்கிறது. பழம் கிடைத்தால் எந்த ஊர் மரம், மரத்துக்காரருக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். தின்ற கொட்டைகளைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, அந்தப் படகுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.