பேணியில் ‘கிளியர்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

மூன்று மாத உழைப்பு முறுகிப்போய் என் அறைச் சுவரில் தொங்குகிறது. 90 சென்ரிமீற்றர் நீளமான அந்த மாதிரி விமான இறக்கையின் 22 விலாக்களையும் ஒன்றரை மில்லிமீற்றர் பல்சா என்ற பாரமில்லாத மரத்தின் தகட்டில் ஒவ்வொன்றாக வெட்டி, அரத்தாளால் தேய்த்து, மாரி மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்த இரவுகளில் ஒட்டினேன். டிஷூக் கடதாசி போர்த்தி, தண்ணீர் தெளித்து இறுக்கி, டோப் என்ற கரைசலைப் பூசி, சமதளப் பலகையில் குண்டூசி குத்தி நான்கு நாள் அசையாமல் வைத்திருந்தேன். பலகையிலிருந்து எடுத்த அன்று அது நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. மூன்று கிழமை கழித்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன்: வலது நுனியின் பின்விளிம்பு, எண்ணெயில் போட்ட பப்படத்தின் ஓரம் போல மேலே எழும்பி நிற்கிறது. “மாமா, இது இனிப் பறக்காதா?” என்று மருமகன் கேட்டான். அவனுக்கு என்ன பதில் சொல்வது? போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதாமல், ‘கிளியர் டோப்’ என்ற இரண்டு சொல்லை மட்டும் ஒட்டி எனக்கு விற்றுவிட்டார்கள் என்று சொன்னால், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்குமா?

விமானம் கட்டாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெயின்ற், வார்னிஷ் ஆகியவற்றின் இனத்தில் டோப்பைச் சேர்க்க முடியாது. கடதாசியின் நார்களுக்குள் ஊறி, காயும்போது தானும் சுருங்கிக் கடதாசியையும் மேளத்தோல் போல இழுத்துப் பிடித்து, காற்று புகும் துளைகளை அடைக்கின்ற செலுலோசுக் கரைசல் அது. முதலாம் உலகப் போர்க்கால விமானங்களின் லினன் துணியை விறைக்க வைத்ததும் இதே குடும்பத்துக் கரைசல்தான். அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்பது உயிர் போகிற விடயம் என்று 1914ஆம் ஆண்டிலேயே உலகம் கண்டுகொண்டது. பிரித்தானிய விமானத் தொழிற்சாலைகளில் டெற்றாகுளோரோஎதேன் கலந்த டோப்பின் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்கள் ஈரல் கெட்டு, மஞ்சட்காமாலை கண்டு இறந்துபோனார்கள். நூறு ஆண்டுக்கு மேல் கடந்த பிறகும், உள்ளே இருப்பதை எழுதாமல் ஒரு போத்தலைக் கைமாற்ற முடிகிறது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

‘கிளியர்’ என்ற ஒரே சொல்லின் கீழ் குறைந்தது மூன்று வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. நைத்திரேற்று டோப் கடதாசியையும் மரத்தையும் நன்றாகப் பற்றும், ஓரளவு இழுத்துவிட்டுப் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நெருப்புக்கு மிக அஞ்ச வேண்டியது. பியூட்டிரேற்று டோப், அதாவது செலுலோசு அசற்றேற்று பியூட்டிரேற்று, மாதிரி விமானங்களில் வைக்கும் ‘குளோ’ என்ற சிறிய எஞ்சினின் எரிபொருளைத் தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது, தளபாடத்துக்குப் பூசும் கிளியர் லக்கர். அதிலும் நைத்திரோசெலுலோசு உண்டு என்றாலும், கதிரையும் அலுமாரியும் மினுங்குவதற்காக வேறு பிசின்களும் மென்மையாக்கிகளும் சேர்த்துச் செய்தது. நைத்திரேற்றின் மேல் பியூட்டிரேற்றைப் பூசலாம். பியூட்டிரேற்றின் மேல் நைத்திரேற்றைப் பூசினால் ஒழுங்காகப் பற்றாமல் உரிந்து வரும். இத்தனை வேறுபாடும் ஒரு சொல்லுக்குள் மறைக்கப்படுகிறது. விற்பவரைக் கேட்டால், “எல்லாம் ஒண்டுதான் சேர், அடிச்சாக் காஞ்சிரும்” என்கிறார். காய்வது மட்டுமா எனக்கு வேண்டியது?

என் முதல் இறக்கையைக் கெடுத்தது தளபாட லக்கர். நகரில் ஒரு ஹாட்வெயார் கடையில், கடதாசிக்குப் பூச வேண்டும், காயும்போது அது இறுக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். தயக்கமே இல்லாமல் ஒரு பேணியை எடுத்து வைத்தார்கள். மூன்று பூச்சுப் பூசியும் கடதாசி இறுகவே இல்லை. விலாக்களுக்கு இடையே தொய்ந்து கிடந்தது. பாரம் மட்டும் ஏறியது. றப்பர் முறுக்கில் பறக்கும் விமானத்தில் ஒவ்வொரு கிராமும் உயரத்திலிருந்து கழிக்கப்படுகிற கணக்கு என்பதை, அந்தப் பேணியை நம்பிக்கையோடு நீட்டிய கைக்கு யார் சொல்லிக்கொடுப்பது? தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்திருப்பேன்.

அதன் பிறகுதான் கொழும்பிலிருந்து, பெரிய கலனிலிருந்து சிறிய போத்தலில் ஊற்றி ஒட்டுத்தாளில் ‘கிளியர் டோப்’ என்று கையால் எழுதிய அந்தப் பொருளை வருவித்தேன். அசல் டோப்தானா என்று கேட்டேன், அசல்தான் என்றார்கள். அது பொய்யில்லை. எந்த டோப் என்பதைத்தான் சொல்லவில்லை. எஞ்சினே இல்லாத, எரிபொருளின் வாடைகூடப் படாத மெல்லிய இறக்கைக்குப் பியூட்டிரேற்று எதற்கு? தெரிந்திருந்தால் அதைத் தொட்டே இருக்கமாட்டேன். இறக்கை முறுகிய பிறகு, போத்தலில் மிஞ்சியதைக் கண்ணாடித் துண்டொன்றில் ஊற்றிக் காயவிட்டு, உரித்தெடுத்த விரல் நக அளவான படலத்தைக் குறட்டில் பிடித்து, கிணற்றடியில் வைத்து நெருப்புக்குச்சியைக் காட்டினேன். நைத்திரேற்றாக இருந்தால் கண் இமைப்பதற்குள் பொறி போலச் சீறி எரிந்து முடிந்திருக்கும். இதுவோ மெதுவாக உருகி, சொட்டி, கெட்டுப்போன நெய்யின் நாற்றத்தோடு எரிந்தது. வெண்ணெய் ஊசிப்போகும்போது வரும் பியூட்டிரிக் அமிலத்தின் வாடை அது. எருமைத் தயிரும் நெய்யும் புழங்கும் எங்கள் ஊரில் அந்த வாடையை யாரும் மூக்கிலேயே இனங்கண்டுவிடுவார்கள். வாங்கும்போது ஒரு சொல்லில் தெரிந்திருக்க வேண்டியதை, மூன்று மாத வேலையைப் பறிகொடுத்துவிட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்து நான் கண்டறிய வேண்டியிருந்தது.

நீராவியில் காட்டி எதிர்ப்புறமாக முறுக்கினால் நிமிர்ந்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். நிமிர்த்தினேன். பத்து நாளில் மறுபடியும் பழைய முறுக்கத்துக்கே போய்விட்டது, ஏனென்றால் அந்தப் படலம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

இனி எங்கள் காலநிலையின் கதை. மட்டக்களப்பில் விமானம் விடுவதற்குப் பொருத்தமான காலம், பெரும்போக அறுவடை முடிந்து படுவான்கரை வயல்கள் வெறுமையாகக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்கள். தடுக்கி விழ வேலியில்லை, விமானம் இறங்கினால் வைக்கோல் தாங்கிக்கொள்ளும். அதற்குத் தயாராக வேண்டுமானால் டோப் பூசும் வேலை கார்த்திகை, மார்கழியில் வந்து விழுகிறது. அப்போதுதான் வாடைக் காற்றும் மழையுமாக, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாகக் காற்றே ஈரத்துணி போலத் தொங்குகிறது. டோப்பிலுள்ள அசற்றோன் போன்ற திரவங்கள் விரைவாக ஆவியாகும்போது பூசிய பரப்புக் குளிர்கிறது. 30 பாகை வெப்பத்தில் ஈரப்பதன் 80 வீதமாக இருந்தால் ஏறத்தாழ 26 பாகையிலேயே பனி படியத் தொடங்கும். அதாவது நான்கு பாகை குளிர்ந்தாலே போதும். படிந்த நீர் செலுலோசைக் கரைசலிலிருந்து பிரித்துவிட, கண்ணாடி போல இருக்க வேண்டிய பூச்சு சுண்ணாம்பு தெளித்தது போல வெளுத்துப்போகிறது. வெளுத்த இடத்தில் பலமும் இல்லை, பற்றும் இல்லை. என்னுடைய இரண்டாவது இறக்கை இப்படித்தான் ஒரு மார்கழிப் பின்னேரத்தில் என் கண் முன்னே, பிறஷ் போன வழியெல்லாம் வெளுத்துக்கொண்டே போனது.

இதற்கு மருந்து இருக்கிறது. மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டரைக் கொஞ்சம் சேர்த்தால், நீர் போன பிறகும் உண்மையான கரைப்பான் கடைசிவரை பரப்பில் தங்கியிருந்து படலத்தைத் தெளிவாக மூடிவிடும். அசற்றோன் 56 பாகையில் கொதிப்பது. பியூட்டைல் அசற்றேற்று 126 பாகையில். ரிட்டார்டர்களில் சில அதற்கும் மேலே. ஆனால் ரிட்டார்டர் என்று கேட்டால் இங்கே தின்னரைத் தருகிறார்கள். அந்தத் தின்னரிலும் எதை எதோடு கலந்திருக்கிறார்கள் என்று பேணி சொல்லாது. நீர் கலந்த மலிவுத் தின்னரை ஊற்றினால் வெயிலிலும் வெளுக்கும். கச்சான் காற்றுக் காலத்தில் பூசு என்பார்கள். ஈரப்பதன் 50 வீதத்துக்கு இறங்கினால் 30 பாகையில் 12 பாகைவரை குளிர இடமுண்டு, வெளுக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சுடுகாற்றில் பிறஷைத் திருப்புவதற்குள் டோப் காய்ந்து கோடு விழுகிறது, வீதிப் புழுதி முழுவதும் வந்து ஒட்டுகிறது. அதற்கும் ரிட்டார்டர்தான் வேண்டும். ஆகவே இரண்டு பருவத்திலும், எழுதாத பேணி எங்களைத்தான் தண்டிக்கிறது.

கல்லடியில் இருக்கும் என் நண்பருக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. கம்பிக் கட்டுப்பாட்டில் சுழலும் அவருடைய விமானத்தில் குளோ எஞ்சின். எரிபொருள் மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் நைத்திரோமெதேனும். அவருக்குக் கிடைத்த ‘கிளியர்’ நைத்திரேற்று. இரண்டாம் நாளிலேயே எஞ்சினைச் சுற்றியிருந்த பூச்சு இளகி விரலில் ஒட்டியது. எனக்கு வர வேண்டியது அவருக்கும், அவருக்கு வர வேண்டியது எனக்கும் வந்திருக்கிறது. இருவருக்கும் விற்றவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்.

வெளிநாட்டிலிருந்து நேரே வருவித்துக்கொள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தீப்பற்றும் திரவத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. ஒருவர் நூறு மில்லிலீற்றருக்காகக் கப்பலில் சரக்குப் பதிய முடியுமா?

எனக்கு மிகவும் மனம் நொந்தது காத்தான்குடிப் பென்சிக் கடையொன்றில். நிறமற்ற நகப்பூச்சை அசற்றோனில் கரைத்துச் சிறிய விமானங்களுக்குப் பூசலாம் என்பது பழைய வழி. அதற்காக ஒரு போத்தல் வாங்கினேன். சுண்டுவிரல் அளவான அந்தப் போத்தலின் பெட்டியில், பொடி எழுத்தில், எதைல் அசற்றேற்று, பியூட்டைல் அசற்றேற்று, நைத்திரோசெலுலோசு என்று வரிசையாக அச்சிட்டிருந்தது. நகத்துக்குப் பூசுகிறவருக்குக் கிடைக்கிற மரியாதை, மூன்று மாதம் குனிந்திருந்து இறக்கை கட்டுகிறவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? நைத்திரேற்றா பியூட்டிரேற்றா, இழுக்குமா இழுக்காதா, எந்தத் தின்னரில் கரையும் என்று மூன்று சொல் எழுத எவ்வளவு மை செலவாகும்?

என் தெரிவு இப்போது உறுதியானது. றப்பரிலோ சிறிய மின்மோட்டாரிலோ பறக்கும் மெல்லிய விமானத்துக்கு நைத்திரேற்று மட்டும்தான். பாதிக்குப் பாதி தின்னர் சேர்த்து, 30 மில்லிலீற்றருக்கு நாலைந்து துளி ஆமணக்கெண்ணெய் விட்டு இழுவையைத் தணித்து, இரண்டே பூச்சு. கதவு யன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத இடத்தில் பூச வேண்டும். குளோ எஞ்சின் வைத்த விமானமானால் அதன் மேல் பியூட்டிரேற்று. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று இறக்கைகள் செலவாகின.

போன கிழமை, நல்ல டோப் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். நைத்திரேற்றா பியூட்டிரேற்றா என்று கேட்டேன். பேணியைத் திருப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது. “கிளியர் எண்டுதான் போட்டிருக்கு சேர், எத்தின வேணும்?” என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான்காவது இறக்கையின் விலாக்கள் போர்வையில்லாமல் மேசையில் கிடக்கின்றன. படுவான்கரையில் அறுவடை தொடங்கிவிட்டது.