"பழகிடும் சார்" என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள்

சென்னையிலிருந்து நாகர்கோவில் 700 கிலோமீட்டர். அதில் 600 கிலோமீட்டருக்கு மேல் என் தலைக்கு மேலே, லக்கேஜ் கட்டக் கார் கூரையில் மாட்டின பைப்பில், ஒரு சங்கு ஊதிக்கொண்டே வந்தது. செங்கல்பட்டு தாண்டி வண்டி எண்பதைத் தொட்டதும் 'ஊம்ம்ம்' என்று ஒரே சுருதியில் பிடித்தது. தொண்ணூறில் சுருதி ஏறியது. நூறில் காதைக் குடைந்தது. காலை எடுத்தால் இறங்கும், மிதித்தால் ஏறும். பாட்டைப் போட்டால் பாட்டையும் மீறிக் கேட்டது. பையன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டே தூங்கிப்போனான்.

பின்சீட்டில் அம்மா. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கன்னியாகுமரி போகிறோம். என்னோடு ஒரு முழுப் பகல் உட்கார்ந்து பேச அவளுக்கு வருஷத்தில் இந்த ஒரு பயணம்தான் வாய்க்கிறது. அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாத கதைகளை எல்லாம் இந்த ரோட்டில்தான் சொல்லியிருக்கிறாள். "மக்ளே, வண்டி என்னமோ ஊளையிடுதே, ஓரங்கட்டிப் பாரு" என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் நிறுத்தி, கட்டின கயிறை இழுத்துப் பார்த்து, பையை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறினேன். கிளம்பினால் மறுபடி அதே ஊளை. நான் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. விழுப்புரத்துக்கு அப்புறம் பேசுவதையே விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது அப்போதுதான்.

இந்த வண்டியை வாங்கும்போதே கூரையின் இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் ரூஃப் ரெயில் இருந்தது. "மேல லக்கேஜ் கட்டிக்கலாம் சார்" என்று ஷோரூமில் வாயால் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் புரட்டினால், இது அழகுக்கு மட்டும், சுமை ஏற்றக் கூடாது என்று போட்டிருக்கிறது. தட்டிப் பார்த்தேன், பிளாஸ்டிக். டேப்பிலும் கிளிப்பிலும் நிற்கிறது. சுமை தாங்காத ஒன்றை எதற்காகச் சுமை தாங்குகிற உருவத்தில் செய்கிறீர்கள்? பார்த்தால் கயிறு கட்டத் தோன்றுகிற மாதிரி வளைத்து வைத்துவிட்டு, கட்டாதே என்பதைப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிறீர்கள். அதை நம்பி எவனாவது ஒரு மூட்டையைக் கட்டி, நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது பிய்த்துக்கொண்டு பின்னால் வருகிற பைக்காரன் மேல் விழுந்தால் யார் பொறுப்பு?

ஐந்து பேர், மூன்று நாள் பயணம், டிக்கியில் இடமில்லை. அதனால் சென்னையில் கார் சாமான் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் முதலில் சொன்ன யோசனை, "டாப்ல ஓட்டை போட்டு போல்ட் முறுக்கிட்டா மலை மாதிரி நிக்கும் சார்." கையில் டிரில்லோடு ஒரு பையன் தயாராக நின்றான். என் வண்டியில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது, மோதினால் திரை மாதிரி விரிந்து தலையைக் காக்கிற காற்றுப் பை. கதவுகளுக்கு மேலே, கூரைத் துணிக்கு உள்ளே, முன்னாலிருந்து பின்வரைக்கும் மடித்து வைத்திருக்கும். அங்கேதான் டிரில் இறங்கப் போகிறது! இதைச் சொன்னபோது அந்தப் பையன் முகத்தில் தெரிந்தது நிஜமான ஆச்சரியம். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. எத்தனையோ வண்டியில் ஓட்டை போட வைத்த முதலாளி மேல்தான் கோபம்.

ஓட்டை வேண்டாம் என்றதும், கதவுச் சட்டத்தில் கவ்விப் பிடிக்கிற கிளாம்பு நான்கு வைத்து, குறுக்கே இரண்டு உருண்டைப் பைப்பை மாட்டினார்கள். 9,500 ரூபாய். அரை மணி நேர வேலை. ஓட்டிப் பார்த்தீர்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்து போன் செய்தால் அலட்சியமாகப் பதில் வருகிறது: "அது காத்து சத்தம் சார், எல்லாருக்கும் வரும். போகப்போகப் பழகிடும்."

எதற்காகப் பழக வேண்டும்? மழைக்கு ஒழுகுகிற கூரையைப் போட்டுவிட்டு நனைவது பழகிடும் என்று கொத்தனார் சொன்னால் ஒத்துக்கொள்வோமா?

இது ஏன் வருகிறது என்பது 1878இலேயே தெரிந்துவிட்ட விஷயம். ஸ்ட்ரூஹால் என்ற செக் இயற்பியலாளர் காற்றில் கம்பி பாடுவதை அளந்து வைத்துவிட்டார். உருண்டைக் கம்பியைக் காற்று கடக்கும்போது அதன் பின்னால் மேலொன்று கீழொன்றாகச் சுழல்கள் பிரியும். ஒவ்வொரு ஜோடி பிரியும்போதும் கம்பியைச் சுற்றியிருக்கும் காற்று ஒரு உதறு உதறும். வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால் ஒரு வினாடிக்கு எத்தனை உதறல் என்று வந்துவிடும். என்னுடைய 25 மில்லிமீட்டர் பைப்புக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 220. அம்மா ஊளை என்று சொன்னது இதைத்தான். இந்த மாதிரி ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் படியில் ஏறுகிறது. அறுபதில் இருப்பது நூறில் இருபது மடங்குக்கு மேல் ஆகிவிடும். காதுக்கு அத்தனை மடங்காகத் தெரியாது, ஆனால் இரண்டு மடங்குக்கு மேலே நிச்சயம் தெரியும். கடை இருக்கிற தெருவில் முப்பதைத் தாண்ட முடியாது. சத்தமே இல்லை என்று அங்கே காட்டிவிட்டுக் காசை வாங்கிவிடலாம்.

தீர்வும் பழையதுதான். ஆலைப் புகைபோக்கிகளின் தலைப்பகுதியில் திருகு மாதிரி ஒரு தகடு சுற்றிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சுழல்கள் ஒரே தாளத்தில் பிரியாமல் கலைக்கத்தான் அது. வண்டியில் ரேடியோ ஆன்டெனா குச்சியைத் தடவிப் பாருங்கள், பல வண்டிகளில் அதிலும் நூல் சுற்றின மாதிரி ஒரு வரி ஓடும். காரணம் அதேதான். ஒரு பென்சில் கனம்கூட இல்லாத குச்சி பாடக் கூடாது என்று யாரோ ஒரு இன்ஜினியர் அக்கறைப்பட்டிருக்கிறார். கூரையின் முழு அகலத்துக்குக் குறுக்கே பைப்பை மாட்டி விற்கிறவனுக்கு அதில் கால்வாசி அக்கறை இல்லை.

ஹார்டுவேர் கடையில் நைலான் கயிறு வாங்கி இரண்டு பைப்பிலும் திருகலாகச் சுற்றினேன். பைப்பின் முனைகள் திறந்தே கிடந்தன, நாற்காலிக் காலுக்குப் போடுகிற ரப்பர் புஷ்ஷை அங்கே அடைத்தேன். முன் பைப்பை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளினேன், முன்கண்ணாடியைத் தாண்டி ஏறி வருகிற காற்று அதில் நேராக மோதாமல் இருக்க. மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். ஊளை செத்துப்போயிருந்தது.

ஒரு 'கீச்' மட்டும் மிச்சம். நாகர்கோவிலுக்கு முன்னால் காற்றாலைகள் நிற்கிற முப்பந்தலில் ஆடிக்காற்று பக்கவாட்டில் வண்டியைத் தள்ளியபோது உயிரை எடுத்த சத்தம் அது. கதவு ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஒவ்வொரு துண்டாக உரித்து உரித்து ஓட்டினேன். பின்கதவுத் துண்டை உரித்ததும் வந்துவிட்டது. கிளாம்பு கதவு ரப்பரை ஒரு பக்கம் நசுக்கி, பக்கத்தில் இடைவெளி விட்டிருக்கிறது. அந்தச் சந்தில் காற்று மட்டுமா வரும்? மழைத் தண்ணீரும் வரும். கிளாம்பை மாட்டினவன் கதவை மூடிவிட்டு ஒரு தடவை விரலால் தடவியிருந்தால் தெரிந்திருக்கும்!

இப்போது பைப்புகள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. பத்து நிமிஷம், ஒரு ஆலன் கீ, ஊருக்குப் போகிற அன்றைக்கு மட்டும் ஏற்றிக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம் என்பதைக்கூட அந்தக் கடையில் சொல்லவில்லை. இரண்டு மாதம் காலியாகச் சுமந்துகொண்டு திரிந்ததில் பெட்ரோல் போனது தனிக்கணக்கு.

போன வாரம் கயிறு சுற்றின பைப்பை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை, அடுத்த ஆளுக்காவது இப்படி மாட்டிக்கொடுங்கள் என்று காட்டத்தான் போனேன். முதலாளி கையில்கூட வாங்கவில்லை. "ஆயிரம் வண்டிக்குப் போட்டாச்சு, யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல, நீங்கதான் சார்." அப்போதும் அங்கே ஒரு வண்டிக்கு அதே உருண்டைப் பைப்பு ஏறிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை. வண்டிக்காரர் பர்ஸைத் திறந்துகொண்டிருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அண்ணே, காசைக் கொடுக்காதீங்க. முதல்ல இந்தக் கடைப் பையனை ஏத்திக்கிட்டு பைபாஸ் வரைக்கும் போங்க, எண்பதுல ஓட்டிப் பாருங்க, அப்புறம் கொடுங்க."

அவர் பர்ஸை மூடினார். முதலாளி என்னைக் கடையை விட்டு வெளியே போகச் சொன்னார். அந்த வண்டி கிளம்பித் திரும்புகிறவரை தெருவிலேயே நின்றுவிட்டுத்தான் வந்தேன்.